நான் பேச மறுத்த வசனம்

அந்த சூப்பர் ஹீரோ தொடரில் நாயகனின் அக்காவுக்குத் தமிழில் குரல் கொடுத்தது நான்தான். மலையாளத்தில் எடுத்த தொடர். தமிழ் டப்பிங்கும் திருவனந்தபுரத்திலேயே நடந்தது. வலியசாலையிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பத்து எபிசோட் பேசி முடித்திருந்தேன். நாயகன் கை வைத்தால் இரும்பும் உருகும். அக்கா ஒரு டாக்டர். "பலம் இருக்குங்கிறதுக்காக நீயே நீதிபதி ஆயிட முடியாது" என்று அவனோடு மல்லுக்கு நிற்பவள். அவளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பதினோராவது எபிசோடில், பிள்ளை பிடிக்கிற கும்பலைச் சேர்ந்தவன் என்று ஒருவனைத் தூணில் கட்டியிருந்தார்கள். நாயகன் அவன் கையைப் பொசுக்க, அவன் அலறுகிறான். பக்கத்தில் நிற்கும் அக்கா சொல்ல வேண்டியது: "இவனெல்லாம் மனுஷனே இல்ல. நிறுத்தாதே."

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

"என்ன சேச்சி, தொண்டை சரியில்லையா?" கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டப்பிங் டைரக்டர் கேட்டார்.

"தொண்டைக்கு ஒண்ணுமில்லை. இந்த வசனத்தை நான் பேசமாட்டேன்."

அவர் எழுந்து உள்ளே வந்தார். "இது கதை அல்லே? போன எபிசோடில் நாலு பேரைத் தூக்கி எறிஞ்சான். அப்போ ஒண்ணும் சொல்லலையே?"

"அவா கத்தியோட வந்தா. இவன் கட்டிப்போட்டுக் கிடக்கான். இவன்தான் செஞ்சான்னு இன்னும் யாருக்கும் தெரியவும் தெரியாது. தம்பி பொசுக்கட்டும், இவளாவது வேண்டாம்னு சொல்லணும். கொஞ்சம் தயங்கவாவது செய்யணும்."

"மலையாளத்தில் அவள் தயங்கலை, சேச்சி."

"அப்போ வேற ஆளைப் பாருங்கோ."

மறுநாளே வேறொரு பெண்ணைப் பேச வைத்துவிட்டார்கள்.

கல்லூரியில் படிக்கும் என் மகளுக்குக் கோபம் தாங்கவில்லை. தோழிகளிடமெல்லாம் அது தன் அம்மாவின் குரல் என்று சொல்லி வைத்திருந்தாள். "வெறும் கதையாக்கும் அம்மா! அதுக்குப் போய் யாராவது வேலையை விடுவாளா?"

அதுவரை யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் சாலைக் கடைத்தெருவில் ஒரு மூட்டை அரிசி வாங்கினேன். ஆட்டோ வரைக்கும் சுமந்து வந்தவர் போனக்காடு தேயிலைத் தோட்டத்திலிருந்து பிழைக்க வந்த தமிழர், ஐம்பது வயதிருக்கும். அவர் திரும்பிப் போவதற்குள் கடையில் ஒரு செல்போனைக் காணவில்லை. அவர்தான் எடுத்தார் என்று கைவண்டியில் கட்டிவைத்து அடித்தார்கள். சிலர் வீடியோ எடுத்தார்கள். அவர் என்னைப் பார்த்து, "நான் உங்க கூடத்தானே இருந்தேன், சொல்லுங்கம்மா" என்றார். கூட்டத்தில் ஒருவன், "மாமி, நீங்க போங்கோ" என்றான். நான் ஆட்டோவில் ஏறி வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார், போன் மூட்டைகளுக்கு இடையில் விழுந்து கிடந்ததாம். அந்த மனிதரைப் பிறகு அந்தக் கடைத்தெருவில் நான் பார்க்கவே இல்லை.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?" என்றாள் மகள்.

"அவா அவரை விட்டிருப்பாளோ என்னவோ. ஆனா நான் சொல்லலை."

அவள் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். அந்த எபிசோட் வந்த அன்று இருவருமாகத்தான் உட்கார்ந்து பார்த்தோம். புதிய பெண் நன்றாகவே பேசியிருந்தாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும், "நிறுத்தாதே" என்ற அந்தக் குரல் என்னுடையதில்லை.

நாலைந்து மாதம் எந்த அழைப்பும் வரவில்லை. பிறகு அதே டைரக்டர் கூப்பிட்டார். "சேச்சி, ஒரு போலீஸ் அதிகாரி ரோல். இதிலாவது எல்லா வசனமும் பேசுவீங்கல்லே?"

"ஸ்கிரிப்டை அனுப்புங்கோ. படிச்சுட்டுச் சொல்றேன்."

"சேச்சிக்கு மட்டும்தான் இப்படியொரு கண்டிஷன், கேட்டோ."

"இருக்கட்டும்" என்றேன். "அனுப்புங்கோ."