ராபியா தேர்ந்தெடுத்த மாமியார்

தாராவியில் ராபியாவின் வீட்டுக்கு நான் ஒரே ஒருமுறைதான் போயிருக்கிறேன், ஒரு பெருநாளன்று பிரியாணி சாப்பிட. ஒற்றை அறை. கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி, பெட்டிக்குள் அண்டா, அண்டாவுக்குள் அரிசி டப்பா. அவளுடைய வாப்பா தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். வெட்டி எறியும் தோல் துண்டைக்கூட மடித்து எங்கே செருகலாம் என்று பார்க்கிற மனிதர். மாட்டுங்காவில் பால்கனி வைத்த வீட்டில் வளர்ந்த நான், அந்த அறைக்குள் ஒரு குடும்பமே இடித்துக்கொள்ளாமல் நடமாடுவதைப் பார்த்துச் சாப்பிட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ராபியா புரோகிராம் எழுதியதும் அப்படித்தான்.

எண்பத்தேழாம் வருஷம். செம்பூரில் ஒரு சின்னக் கம்பெனியில் நானும் ராபியாவும் வேலை பார்த்தோம். கம்ப்யூட்டர் இருக்கும் ஏசி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவோம், கோயிலுக்குப் போகிற மாதிரி. அம்பர்நாத்தில் ஒரு சாயத் தொழிற்சாலையின் பாய்லரைக் கம்ப்யூட்டரே கவனித்துக்கொள்ள வேண்டும், அதற்கு நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். சூடு நூற்று நாற்பது டிகிரிக்கு வந்ததும் எரியெண்ணெயை அடைக்க வேண்டும். இறங்கினால் திறக்க வேண்டும். வாயால் சொல்வதற்கு இவ்வளவுதான்.

சி மொழியில் எழுதினோம். அதில் ஒவ்வொரு எண்ணையும் எவ்வளவு பெரிய பாத்திரத்தில் வைக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒரு பைட்டா, இரண்டா, நாலா என்று. சூட்டை அளக்கும் பகுதி ராபியாவின் பொறுப்பு. தொழிற்சாலைக் கம்ப்யூட்டரில் இடம் குறைவு என்று, அவள் சூட்டை ஒரே ஒரு பைட்டில் அடக்கிவிட்டாள். எங்கள் லீடர் வானமாமலை சார் அதைப் பார்த்துவிட்டு, "தாராவிக்காரின்னா சும்மாவா!" என்று கை தட்டினார். அன்று முழுக்க அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் லிண்ட் வந்து சேர்ந்தது. அதுவும் ஒரு புரோகிராம்தான். நாம் எழுதியதை அது ஓட்டிப் பார்க்காது, வரி வரியாகப் படித்துக் குறை சொல்லும். எவ்வளவு குறை சொல்லலாம் என்பதற்கு விதிகளை மூன்று தொகுப்பாகக் கட்டித் தயாராகவே கொடுத்திருந்தார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும், மொத்த வேலைக்கும் அதுதான் சட்டம். நாங்கள் அவற்றுக்குச் சித்தி, அம்மா, மாமியார் என்று பெயர் வைத்தோம். சித்தி பெரிய தப்பை மட்டும் சொல்வாள். அம்மா கொஞ்சம் கூடுதலாகச் சொல்வாள். மாமியாருக்குத் தொட்டதெல்லாம் குற்றம்.

தேர்ந்தெடுக்கும் வேலை ராபியாவிடம் வந்தது. அந்தத் தடிமனான கையேட்டை அவள் ஒருத்திதான் முழுக்கப் படித்திருந்தாள்.

"சித்தியே போதும்மா. கெடு நெருங்குது, ஜல்தி ஒண்ணைப் போடு" என்றார் வானமாமலை சார். நானும் சித்தி கட்சிதான். வேலை முடியப்போகிற நேரத்தில் மாமியாரை யார் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள்?

"பாய்லரை ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுதேன் சார்" என்றாள் ராபியா.

குர்லாவில் வண்டி மாறி, நானும் அவளும் அம்பர்நாத் போனோம். பாய்லர் என்றால் பெரிய வெந்நீர் அடுப்பு என்று நினைத்துப் போனவன் நான். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். ஒரு ரயில் இன்ஜினைக் கட்டிடத்துக்குள் படுக்க வைத்தது போலக் கிடந்தது. காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. சின்னக் கண்ணாடி வழியாக உள்ளே எரிகிற தீயைப் பார்த்தேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாங்கள் செம்பூரில் ஏசியில் உட்கார்ந்து தட்டுகிற எழுத்துகள் இதற்கா கடிவாளம் போடப்போகின்றன என்று நினைத்தபோது பயமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

அதன் பக்கத்தில், ஒரு ஸ்டூலில் வெயிலுமுத்து உட்கார்ந்திருந்தார். பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சூடு காட்டும் முள்ளை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை. எங்களோடு பேசியதும் முள்ளைப் பார்த்துக்கொண்டேதான்.

"சாப்பாடு எங்க அண்ணே?" என்று கேட்டாள் ராபியா.

"இங்கனதான் தாயி. கண்ணு அங்க, கை இங்க. தட்டைப் பாத்துச் சாப்பிட்டு எத்தனையோ வருசமாச்சு. வீட்டுக்காரி கொடுத்துவிட்டது என்ன கொழம்புன்னு வாயில வச்சாத்தான் தெரியும்" என்று சிரித்தார். "நீங்க மிசினு வச்ச பொறவு நான் இதைப் பாக்க வேண்டாம்லா?"

ராபியா அந்த முள்ளை ஒருமுறை பார்த்தாள். "பாக்க வேண்டாம் அண்ணே" என்று சொன்னாள்.

மறுநாள் வானமாமலை சாரிடம் போய், "மாமியாரு" என்றாள்.

"அரே, பைத்தியமா உனக்கு? சின்னச் சின்னத் தப்பையெல்லாம் எடுத்து வைக்கும். எப்ப திருத்தி முடிப்பே? அப்படியே ஏதாவது ஆனாலும் அங்க சேஃப்டி வால்வு இருக்கு."

"இருக்கட்டும் சார். ஆனா அந்த அண்ணன் இனிமே முள்ளைப் பாக்க மாட்டாரு. பாக்க வேண்டாம்னு நாந்தான் சொல்லிட்டு வந்திருக்கேன். அவருக்குப் பதிலா யாரு பாக்குறது?"

வானமாமலை சார் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியவில்லை.

லிண்டை ஓட்டினோம். பிரிண்டர் காகிதத்தைக் கக்கத் தொடங்கியது, நிற்கவே இல்லை. மடிப்பு மடிப்பாகத் தரையில் வந்து விழுந்தது. ஆபீஸே ராபியாவைத் திட்டித் தீர்த்தது. "உன் மாமியாருக்கு வேற வேலையே இல்லையா?" என்று நானும் கத்தினேன். பெரும்பாலானவை உப்புப் பெறாத குறைகள். அவளோ தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டே போனாள்.

சாயங்காலம் எழுந்து நின்றாள். கையில் ஒரு தாள்.

"சார், மாமியாரு புடிச்சிட்டா. என்னையத்தான்."

அவள் கை தட்டல் வாங்கிய அதே ஒற்றை பைட். அதை நூற்று நாற்பதோடு ஒப்பிட்ட வரியைக் காட்டி, இது எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி நடக்காது என்று எழுதியிருந்தது. எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு பைட்டுக்குள் இருநூற்று ஐம்பத்தைந்து வரை கொள்ளும். அதனால் எல்லாச் சோதனையிலும் ஜெயித்துவிட்டது. அம்பர்நாத்தில் இருந்தது வேறு ரகம், பாதி இடத்தை மைனஸ் எண்களுக்கு ஒதுக்கிவிடும். அதில் நூற்று இருபத்தேழோடு பாத்திரம் நிறைந்துவிடும். இன்னும் ஒரு டிகிரி ஏறினால், எண் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் நூற்று இருபத்தெட்டுக்குப் போய்விடும். பாய்லர் பனிக்கட்டியாகக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் எண்ணெயைத் திறந்துவிட்டபடியே இருக்கும்.

எனக்கு அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் எரிந்த தீயும் ஸ்டூலும் ஞாபகத்துக்கு வந்தன.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். தன் கையால் உடைந்ததை மண்குடம் என்று சொல்லாத ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தத் தாளைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, அந்த வரியைச் சத்தமில்லாமல் திருத்தியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ராபியா ஒவ்வொரு மேசையாகப் போய் அதைக் காட்டி, "உங்க பகுதியிலயும் இந்த மாதிரி இருக்கான்னு பாருங்க" என்று கேட்டாள். அவள் முகத்தில் வெட்கத்தைத் தேடினேன், இல்லை. கண் மட்டும் பளபளவென்று இருந்தது. இதைப் பிடித்துவிட்டோமே என்கிற பிரமிப்பு அவளுக்கு. அவளைப் பார்த்துப் பிரமிப்பு எனக்கு. சித்தி தொகுப்பையும் ஓட்டிப் பார்த்தோம். அந்த வரியைப் பற்றி அது மூச்சு விடவில்லை.

சூட்டுக்கு இரண்டு பைட் கொடுத்தாள். மற்றக் குறைகளை எல்லோரும் சேர்ந்து முனகிக்கொண்டே திருத்தினோம். கெடு தாண்டிவிட்டது. வானமாமலை சார் போனில் மன்னிப்புக் கேட்டார்.

அம்பர்நாத்தில் புரோகிராம் பாய்லரை எடுத்துக்கொண்ட நாள். திரையில் எண் ஏறியது. நூற்று இருபத்தைந்து, நூற்று இருபத்தாறு, நூற்று இருபத்தேழு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நூற்று இருபத்தெட்டு. சாதாரணமாக, ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து நின்றது. என் ஆயுளில் இவ்வளவு அழகான எண்ணை நான் பார்த்ததில்லை. நூற்று நாற்பதைத் தொட்டதும் தீயின் இரைச்சல் தானாக அடங்கியது.

"பாத்தியா!" என்று திரும்பினேன். ராபியா திரையைப் பார்க்கவே இல்லை. ஸ்டூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயிலுமுத்து முள்ளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மடியில் வைத்திருந்தார். குனிந்து அதையே பார்த்தார்.

"ஏ, மாங்கா போட்டுல்லா கொழம்பு வச்சிருக்கா" என்றார்.