என் காலில் இல்லாத கோளாறு

அண்ணன் புது வண்டி எடுத்தபோது பழையதை என்னிடம் கொடுத்தார். பதினொரு வருஷம் ஓடிய டீசல் கார், டர்போ உள்ளது. அதுவரை நான் குண்டடத்திலிருந்து அருள்புரத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவு என் பொறுப்பு. நாற்பத்திரண்டு வயதில் லைசென்ஸ் எடுத்து, முதல் நாள் பஸ் ஸ்டாப்பைக் கடந்து போனபோது, நிற்கிறவர்கள் எல்லோரும் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கண்டிப்பாகக் கொடுக்கும் என்று சொல்லித்தான் அண்ணன் சாவியைக் கையில் வைத்தார். டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பியபோது ஓடிய தூரத்தை வகுத்துப் பார்த்தேன். பன்னிரண்டரை வந்தது. கணக்கில் தப்பு இருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த தடவை பன்னிரண்டுதான் வந்தது.

அண்ணனிடம் சொன்னதும் வந்து, ஊரைச் சுற்றி ஒரு நடை ஓட்டிப் பார்த்தார். இறங்கும்போது சிரித்துக்கொண்டே, "வண்டியில ஒண்ணுமில்ல அம்மிணி. உங் கால்லதான் இருக்குது" என்றார். குத்திக்காட்ட அவர் அதைச் சொல்லவில்லை. அதனாலேயே அப்படியே நம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்யாதது இல்லை. வாரம் தவறாமல் டயரில் காற்று பிடித்தேன். டிக்கியில் கிடந்த ரிஜெக்ட் துணி மூட்டைகளையும், வீட்டுக்காரர் தோட்டத்துக்கு வைத்திருந்த மருந்தடிக்கும் மிஷினையும் இறக்கினேன். பல்லடத்தில் ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டபோது ஏர் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார்கள். உள்ளே மெத்தை மாதிரி பஞ்சு. கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனின் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு நேர் கீழேதான் நான் தினமும் நிறுத்துவேன். ஃபில்டரும் ஆயிலும் மாற்றினார்கள். அரை கிலோமீட்டர் கூடியது. மெக்கானிக்கிடம் மறுபடி போனபோது, "பழைய வண்டிங்க. வயசானா இப்படித்தானுங்க குடிக்கும்" என்று சொல்லிவிட்டார்.

ஏசியை நிறுத்தினேன். சித்திரை வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டு, முதுகெல்லாம் நனைந்துதான் கம்பெனியில் இறங்குவேன். சீக்கிரம் சீக்கிரம் கியரை ஏற்றினால் டீசல் மிச்சமாகும் என்று அண்ணன் சொல்லியிருந்ததால், நாற்பதிலேயே ஐந்தாவது போட்டேன். வண்டி உடம்பை உதறிக்கொண்டு முனகும். டர்போ வேலை செய்ய ஆரம்பிக்கும் வேகத்துக்குக் கீழே அப்படி இழுக்கவிட்டால் எஞ்சின் இன்னும் திணறும், இன்னும் குடிக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு சாயங்காலம் பல்லடம் தாண்டி, தேங்காய் லாரி ஒன்றை முந்தப் போனேன். எதிரே பஸ் தூரத்தில்தான் வந்தது. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தேன். வண்டி வேகமெடுக்கவில்லை. பின்னால் கரும்புகைதான் வந்தது. பஸ்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். பிரேக் போட்டு லாரிக்குப் பின்னாலேயே ஒதுங்கி, ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். எஞ்சினை அணைத்துச் சாவியை உருவினேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சாவியை அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழையபடி பஸ்ஸில் போவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் கடைசித் தடவை என்றுதான் எடுத்துப் போனேன். கம்பெனி கேட்டுக்குள் ஒரு சின்ன ஏற்றம் உண்டு. அதில் ஏறும்போது கம்ப்ரசர் பார்க்கும் ஃபிட்டர் கையைக் காட்டி நிறுத்தினார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். பட்டன் மிஷின்களுக்குப் போகும் காற்றுக் குழாய்களில் எங்கே கசிகிறது என்று காதாலேயே கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை.

"காத்து லீக் ஆகுதே, உங்களுக்குக் கேக்கலையாக்கா?" என்றார்.

எனக்கும் கேட்டதுதான். டர்போ வண்டி என்றால் அப்படித்தான் சத்தம் வரும் என்று அண்ணன் சொன்னதைச் சொன்னேன்.

"டர்போ விசிலடிக்கும்க்கா. இது சீறுது. ரெண்டும் வேற."

பானெட்டைத் திறக்கச் சொன்னார். பனியன் வேஸ்டில் ஒரு கீற்றைக் கிழித்து, கை சுடாமல் ஒரு கம்பியில் கட்டிக்கொண்டு, என்னை உள்ளே உட்கார்ந்து எஞ்சினை ரேஸ் பண்ணச் சொன்னார். கம்பியை ஒவ்வோர் இடமாகக் கொண்டுபோனார். ஒரு கறுப்பு ரப்பர் ஹோஸுக்குக் கீழே போனதும் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. இறங்கி வந்து பார்த்தேன். அந்த இடம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. கிளாம்புக்குப் பக்கத்தில், அடிப்புறத்தில், இரண்டு விரல் நீளத்துக்கு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியாது. டர்போ அமுக்கி அனுப்பும் காற்று எஞ்சினுக்குப் போகாமல் பாதி வழியிலேயே வெளியேறுகிறது, டீசல் எரியக் காற்றில்லாமல் புகையாகப் போகிறது என்று விளக்கினார்.

நான் கேட்க நினைத்தது வேறு. "அப்ப நான் ஓட்டறதுல தப்பு இல்லீங்களா?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "ஓட்டறதுல என்னக்கா தப்பு? ஹோஸுல்லா கிழிஞ்சிருக்கு."

சரி என்று தலையை ஆட்டிவிட்டு பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினேன். இரண்டு மூன்று தடவை கழுவ வேண்டியிருந்தது.

ஹோஸ் வர நாலு நாள் ஆயிற்று. ஒர்க் ஷாப்புக்கு ஃபிட்டரே கூட வந்து, கிளாம்பை முடுக்குவதை நின்று பார்த்தார். அன்று வீட்டுக்குப் போகும்போது, லேசாக மிதித்தாலே வண்டி வேகமெடுத்தது. முன்னால் போன ஒரு டெம்போவை முந்திவிட்டு, முந்திவிட்டேன் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன். டேங்க் நிரப்பி வகுத்தபோது பதினேழரை. எஞ்சின் முனகுமுன் கியரை இறக்கி, எழுபதைத் தாண்டாமல் சீராகப் போகப் பழகிய பிறகு பதினெட்டுக்குக் குறையவில்லை.

கிழிந்த ஹோஸை அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கிட்ட இருக்கறப்பவே அந்தச் சத்தம் வந்துச்சு அம்மிணி. கண்ணாடிய ஏத்திட்டு ஓட்டிட்டேன்" என்றார்.

அப்போ இருபது கொடுத்ததுங்களாண்ணா என்று கேட்டேன். தான் ஒருநாளும் வகுத்துப் பார்த்ததில்லை என்றும், வாங்கும்போது ஷோரூமில் சொன்னதைத்தான் சொன்னதாகவும் ஒப்புக்கொண்டார். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அண்ணி போட்ட காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஃபிட்டரிடம் பதிலுக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டதற்குக் காசு எதுவும் வேண்டாம் என்றார். தயங்கித் தயங்கி வேறொன்று கேட்டார். அவர் மனைவி எங்கள் தையல் பிரிவில்தான் இருக்கிறாள். கம்பெனியின் குட்டி வேனை ஓட்ட அவளுக்கு ஆசையாம். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து எல்.எல்.ஆர். எடுத்துவிட்டாள், ஆனால் அங்கே ஓட்டக் கொடுக்கும் நேரம் போதவில்லை, வெளியே கூட உட்கார்ந்து பழக்கிவிட ஆளில்லை. நான் சொல்லிக் கொடுப்பேனா என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை குண்டடம் பக்கம் ஆளில்லாத ரோட்டில் அவளை என் வண்டி ஸ்டியரிங்கில் உட்காரவைத்தேன். முதல் கியரில் நன்றாகத்தான் போனாள். இரண்டாவது போட்டதும் வண்டி குலுங்கி நின்றது. பயந்துபோய் என்னைப் பார்த்தாள். மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன்.