புகைக்குழாய் இல்லாத கார்

அரியலூர் வைரக்கண்ணு முப்பது ஆண்டுகள் மின்வாரியத்தில் ஒயர்மேனாகப் பணிபுரிந்தவர். தாமே சோதித்துப் பார்க்காத எந்த இணைப்புக்கும் அவர் கையெழுத்திட்டதில்லை. சுண்ணாம்புக்கல் லாரிகளின் புகையில் மூச்சிரைக்கும் மனைவி புஷ்பவல்லிக்காக, 2006ஆம் ஆண்டில் அவர் ஒரு பேட்டரி கார் வாங்கினார். வரிச்சலுகை கிடைத்தால்தான் அதை வைத்துக்கொள்ள இயலும். இல்லையேல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பதிவு அலுவலகத்தில் அவருடைய விண்ணப்பத்தைப் புரட்டிய எழுத்தர், "புகைச் சான்றிதழ் எங்க சார்?" என்று கேட்டார்.

"பேட்டரி வண்டிங்க. புகைக்குழாயே கிடையாது."

"லிஸ்ட்ல இருக்குதே. எதிர்க்கடையில சொன்னா அடிச்சுக் கொடுத்துடுவான். வண்டிகூட வேணாம்."

எதிரே புகைப் பரிசோதனைக் கடை வைத்திருந்தவர், வாசலில் நின்ற ஒரு டீசல் வேனின் புகைக்குழாயில் கருவியைச் செருகினார். "உங்க காரு அளவாத்தான் புகை விடுது சார்" என்று சிரித்தார். தம் கார் சோதிக்கப்பட்டதாக அவர் அச்சடித்துக் கொடுத்த சான்றிதழில் வைரக்கண்ணு கையெழுத்திட்டார். எழுத்தர் அதைப் பார்க்காமலேயே விண்ணப்பத்துடன் கோத்தார். சலுகை அன்றே கிடைத்தது.

"கெடச்சுதாங்க?" என்று வீட்டில் புஷ்பவல்லி கேட்டார்.

"கெடச்சுது. அதுக்கு நான் போட்ட கையெழுத்தைப் பத்தி மட்டும் கேக்காத."

அன்று மதியம் பிசைந்த சோற்றை உண்ண மனமில்லாமல் அவர் எழுந்துவிட்டார்.