முதியோர் கட்டத்தில் என் கையெழுத்து

இன்று கம்பம் பேருந்தில், சீருடை போட்ட ஒரு பள்ளி மாணவி எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். நன்றி சொல்லி உட்கார்ந்தேன்.

உடனே ஒரு தாளை நீட்டினாள்.

"அக்கா, ஒரு கையெழுத்துப் போடுங்க. எங்க இளைஞர் மன்றத்துல தலைமைப் பயிற்சி. வாரம் ஒரு சேவை செஞ்சு, எழுதி வாங்கியாரச் சொன்னாக."

தாளில் 'முதியோருக்கு உதவி' என்று இருந்தது.

"ஏம்மா, எனக்கு நாப்பத்திரெண்டுதான்."

"நின்னுக்கிட்டு வந்தவுகள்ல நீங்கதான்க்கா மூத்தவுக."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

"வயசுக் கட்டத்த விட்ருங்க. நானே எழுதிக்கிறேன்" என்று தாளை வாங்கிக்கொண்டாள்.

உத்தமபாளையத்தில் இறங்கியதிலிருந்து அதே யோசனை. என்ன வயது எழுதியிருப்பாள்?

என்னை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள். கொஞ்சம் குறைத்தே சொல்லுங்கள்.