உர்போவின் அடிக்கட்டை

காப்பித்தூள் பொட்டலத்தின் தாளிலிருந்து ஒரு விரல் அகலத்துக்குக் கீற்று ஒன்றைக் கிழித்து, துப்பாக்கிக் குழலுக்கும் அதன் அடியில் ஓடும் மரக்கட்டைக்கும் நடுவே நுழைப்பார் உர்போ. நுனியில் செருகி, இரு முனைகளையும் பிடித்து, மெல்ல மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டு வருவார். கீற்று எங்கும் சிக்காமல் வந்தால் மரம் குழலைத் தொடவில்லை. மரம் ஈரத்தில் வீங்கிக் குழலைத் தொட்டால் குண்டு போகிற இடம் மாறிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இழுப்பார்.

“கஞ்சி ஆறுது,” என்பாள் ஹெல்வி. “அதுக்கு ஜுரம் பாத்தது போதும்.”

கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் இப்படித்தான் பேசுவாள். உர்போ கீற்றை மறுபடி நுனியில் செருகுவார்.

இந்தப் பழக்கம் ஓர் இலையுதிர்காலத்தில் வந்தது. கூமோ ஊர்ப் பக்கத்துக் காடுகளில் அந்த வாரம் முழுக்க மழை. சதுப்போரத்தில் நின்ற மூஸ் மான் ஒன்றை உர்போ சுட்டார். குண்டு தாடையைப் பெயர்த்துக்கொண்டு போனது. நாயை விட்டுத் தேடியும் மறுநாள் மதியம்தான் கிடைத்தது. நாக்கு தொங்க, ஒரு குட்டை நடுவே நின்றுகொண்டிருந்தது. தண்ணீருக்குள் தலையை இறக்கும், குடிக்க வராது, மறுபடி தூக்கும். வேட்டைக் கூட்டத்தின் தலைவர் தாவெட்டிதான் முடித்துவைத்தார். யாரும் உர்போவைப் பார்க்கவில்லை.

“மரம் வீங்கிடுச்சு,” என்றார் உர்போ. “மழை.”

தாவெட்டி தன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டார். “அப்ப அந்த மரத்தோட இனிமே வராதே. பிளாஸ்டிக் கட்டை போட்டுட்டு வா, உன் இடத்துல நில்லு. முடியாதுன்னா மானை விரட்டுறவங்களோட சேந்து நட. அங்க துப்பாக்கி வேணாம்.”

சதுப்போரத்தில் நின்று சுடும் இடம் இருபது வருஷமாக உர்போவுடையது. அந்தக் கூட்டத்தில் இடத்தை இழப்பது என்றால், மிச்ச ஆயுளுக்கும் நாய்களோடு சேர்ந்து ஊளையிட்டுக்கொண்டு புதருக்குள் நடப்பது.

ஆனால் அந்த மரத்தை எளிதில் விடமுடியாது. மரலாரி ஓட்டிய காலத்தில் சங்கிலி அறுந்து முகத்தில் அடித்து, வலது கன்ன எலும்பு உள்ளே போய்விட்டது. கடைக் கட்டை எதுவும் அந்தப் பள்ளத்தில் உட்காரவில்லை. மரத்துண்டு ஒட்டி, அரம் எடுத்துத் தானே ராவி, கன்னம் வைக்கும் மேட்டைத் தன் உடைந்த முகத்துக்கு ஏற்ப உயர்த்திச் சரித்துக்கொண்டார். அந்தத் துப்பாக்கியை வேறு எவன் முகத்தில் வைத்தாலும் கோணலாக இருக்கும்.

பிளாஸ்டிக் கட்டை வாங்கக் கூடப் போனவன் சாமுலி. கூட்டத்திலேயே இளையவன், வாய் ஓயாதவன்.

“பக்கெட் செய்யக் காய்ச்சினதுல மிச்சம்டா இது,” என்றார் உர்போ, கடையில் அதைத் தட்டிப் பார்த்து.

“பக்கெட் மழையில வீங்காது, கிழவா. உன் மரம்தான் வெறும் வயித்துல பீர் குடிச்சவன் மாதிரி ஊதுது.”

“தட்டினா டொக்குங்குது. உள்ள ஒண்ணுமே இல்ல.”

“உன் தலையைத் தட்டினாலும் அப்படித்தான். அதையும் தூக்கிட்டுத்தானே அலையறே?”

உர்போ சிரித்தார். வாங்கிக்கொண்டார்.

சுட்டுப் பழகும் திடலில் முதல் வெடியிலேயே கட்டை எழும்பிக் கன்னத்தில் இடித்தது. மூன்றாவதுக்கு, விசையை அழுத்தும் முன்பே அவர் முகம் தானாக விலகியது. சாமுலி அதைக் கண்டான். கன்னம் கறுத்துப்போயிருந்ததையும் கண்டான்.

“எப்படி?”

“நல்லாத்தான் இருக்கு,” என்றார் உர்போ.

அடுத்த வருஷ வேட்டையின் முதல் நாள் விடியலில் பனி விழுந்தது, பருவத்தின் முதல் பனி. உர்போ தன் இடத்தில் அடிமரம் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். தூரத்தில் நாய் குரைப்பு நெருங்கியது. வாக்கிடாக்கியில் தாவெட்டியின் குரல்: “உர்போ, உன் பக்கம்தான் வருது. கிடா. தனியா வருது.”

மரங்களுக்கு இடையிலிருந்து கறுப்பாக ஒன்று வெளியே வந்து நின்றது. கல்லெறியும் தூரம். உர்போ துப்பாக்கியை எடுத்து முகத்தில் வைத்தார். பிளாஸ்டிக்கின் குளிர் பழைய முறிவுக்குள் இறங்கியது. குட்டை நடுவே தொங்கிய நாக்கு நினைவில் வந்தது. விரல் விசைமேல் இருந்தது, அழுத்தவில்லை. கறுப்பு அசைந்தது, சதுப்பைக் கடந்தது, போயிற்று.

“என்னாச்சு? வெடிச் சத்தமே வரல?”

“ஒண்ணும் வரல,” என்றார் உர்போ வாக்கிடாக்கியில்.

கொஞ்ச நேரத்தில் எல்லாரும் அங்கு வந்து சேர்ந்தார்கள். அவர் உட்கார்ந்திருந்த அடிமரத்துக்கு எதிரே, புதுப்பனியில், குளம்புத் தடம் ஆழமாக, வரிசையாகக் கிடந்தது. வந்தது, நின்றது, போனது, எல்லாம் அதில் இருந்தது.

“இதோ பாரு, இங்கதானே…” என்று சாமுலி ஆரம்பித்தான்.

“அது நேத்தைய தடம்,” என்றார் தாவெட்டி.

பனி விழுந்ததே அன்று விடியலில்தான். நாயைப் பிடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்கள்.

வேட்டைக் குடிலில் சூப்பைச் சுற்றி எப்போதும் ஒருவன் காலை ஒருவன் வாருவான். குறி தவறியவனுக்கு அன்று முழுக்கத் தூக்கம் இருக்காது. அன்று சாமுலிகூட உர்போவைச் சீண்டவில்லை. ரொட்டியை மட்டும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தான். உர்போ அதைத் தொடவில்லை.

மறுநாள் காலை அவர் துப்பாக்கி இல்லாமல் வந்தார். விரட்டுபவர்கள் வரிசையில், கடைசி ஆளாகப் போய் நின்றுகொண்டார். தாவெட்டி எதுவும் கேட்காமல், சதுப்போரத்து இடத்தைச் சாமுலிக்குக் கொடுத்தார். அன்று முழுக்கப் புதர்களுக்குள்ளிருந்து உர்போவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் ஊளையிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் தாங்கினார். அவரைப் புதைத்த பிறகு, கல்லறைத் தோட்டத்து வாசலில் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஹெல்வி ஒன்றைச் சொன்னாள். தாடை போன அந்த மானைச் சுடுவதற்கு முந்தைய கோடையிலேயே, குறி பார்க்கும் வலது கண்ணின் நடுப்பகுதி செத்துக்கொண்டு வருகிறது, இனித் திரும்பாது என்று நகரத்து டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தாராம்.