மோகினி சின்னம்மாவின் ஊறுகாய் மூடி

மோகினி சின்னம்மாவைப் போல ரொட்டி தட்ட உலகத்திலேயே ஆள் கிடையாது. எங்கள் ஊர் தவுவாவில் அவள் கல்லைக் காயவைத்தால் மலை மேல் தங்கச் சுரங்கத்துக்குள் இருக்கிறவனுக்கும் மூக்கு துடிக்கும். இரண்டாயிரத்தில் துப்பாக்கிக்காரர்கள் எங்கள் தீவின் தலைநகரமான சுவாவில் பார்லிமென்டைப் பிடித்தார்களே, அன்றைக்கு அங்கே அவள் ரொட்டி பார்சல் இருந்திருந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போயிருப்பார்கள். நாடு பிழைத்திருக்கும்.

நான் அவள் அக்கா மகள் ஷல்வினா. அம்மா செத்ததிலிருந்து அவள் வீட்டில்தான் இருக்கிறேன். நாலாம் ஃபாரத்தோடு படிப்புக்குக் கும்பிடு போட்டாயிற்று. ஹெட்மாஸ்டர் ஷூவுக்குள் தவளை விட்டது நான்தான்.

ஆட்சி கவிழ்ந்த மறு வருஷம் சின்னம்மாவின் விரல்கள் வீங்க ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் கை மரக்கட்டை. பத்து மணி வரைக்கும் மடங்காது. கரும்பு லாரிக்காரர்கள் ஏழு மணிக்கே பார்சல் கேட்டு வந்து நிற்பார்கள். ஹெல்த் சென்டரில் வலி மாத்திரை கொடுத்து, "பச்சைத் தண்ணியில கை வைக்காத" என்றார்கள். ரொட்டி விற்கிறவளிடம் சொல்கிற பேச்சா அது? அடுத்த தடவை போனபோது அந்த டாக்டரே ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டிருந்தார். மூட்டு டாக்டர் வெளிநாட்டிலிருந்து எப்போதாவது சுவாவுக்கு வருவாராம். துப்பாக்கி வெடித்ததிலிருந்து அவரும் வரவில்லை.

எண்பத்தேழு கலவரத்தில் ஆக்லாந்துக்குப் போன பாப்பம்மா பெரியம்மாவுக்கும் இதே வியாதி, அதே வருஷம். அவள் போனில் சொன்னாள்:

"எனக்கு அந்த வாரமே ரத்தம் எடுத்தாங்க. ரெண்டு மாசத்துல மூட்டு டாக்டர். வாரத்துல ஒரு நாள் மட்டும் போடுற மாத்திரை, மாசாமாசம் ரத்த டெஸ்ட். இப்ப போர்வையே பிழியறேன்டி! எலும்பு அரிக்கிறதுக்கு முன்னாடி போடணுமாம். அரிச்சா அரிச்சதுதான்."

"அங்க வந்து காட்டிக்கறேன்க்கா."

அங்கேதான் முடிச்சு. வீட்டு நிலத்தின் குத்தகை டிசம்பரோடு முடிகிறது. நிலத்துக்காரர்கள் திரும்பத் தரமாட்டோம் என்றுவிட்டார்கள். ஆக்லாந்துக்கே வந்துவிடச் சொல்லிப் பெரியம்மா அனுப்பிய விசா பாரத்தில் ஒரு கேள்வி: உடம்பில் நாள்பட்ட வியாதி ஏதாவது உண்டா? சுவாவில் காட்டினால் வியாதி பேப்பரில் ஏறிவிடும், விசா போனாலும் போகும். காட்டாவிட்டால் கை போகும். மருந்து இருக்கிற நாட்டுக்குள் நுழைய, மருந்து தேவைப்படாத ஆளாக இருக்கவேண்டும்! சின்னம்மா அந்தப் பாரத்தை அரிசி டின் மேலே வைத்திருந்தாள். ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைப்பாள்.

இதற்கு நடுவில்தான் என் வேலை. "ஷல்வி, இந்த மூடியக் கொஞ்சம் திறடி" என்று கேட்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கமாட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அதனால் அவள் எழுந்திருக்கும் முன்னே ஊறுகாய், நெய், சர்க்கரை என்று எல்லா மூடியையும் தளர்த்தி வைத்தேன். தவளை விட்டவள் மேல் இந்தச் சந்தேகம் யாருக்கும் வராது.

முதல் நாள் ஊறுகாய் மூடி சுலபமாகச் சுழன்றதும் அவள் முகத்தைப் பார்க்கணுமே! ட்ரெகேட்டி ஊரிலிருந்து வெங்கடசாமி தாத்தா கொண்டுவந்த மூட்டுவலி எண்ணெய்தான் காரணம் என்று தெருவெல்லாம் சொன்னாள். எண்ணெய் வாங்க நாலு பேர் வந்தார்கள். நான் கொல்லைப்பக்கம் போய்ச் சிரித்தேன்.

சிரிப்பு மூன்று வாரம்தான். மூட்டு டாக்டர் செவ்வாய்க்கிழமை சுவாவுக்கு வருகிறார் என்று ஹெல்த் சென்டர் நர்ஸ் சீட்டு எழுதிக் கொடுத்தாள். "மறைக்காத, போய்க் காட்டு. விசாவ அப்புறம் பாத்துக்கலாம்" என்று பெரியம்மா கத்தினாள்.

"எதுக்குக்கா? கைதான் சரியாகுதே. மூடியெல்லாம் நானே திறக்கறேன்" என்று சின்னம்மா போனை வைத்தாள்.

நான் அவள் கையைப் பார்த்தேன். அவளுடைய விரல்கள் அப்படியேதான் வீங்கியிருந்தன. சரியானது மூடிகள் மட்டும்தான்.

திங்கட்கிழமை விடிந்ததும் எல்லா மூடியையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். சின்னம்மா வந்தாள். ஊறுகாய் பாட்டிலைப் பிடித்தாள், திருகினாள். அசையவில்லை. சேலைத் தலைப்பைச் சுற்றித் திருகினாள். மணிக்கட்டு வலியில் உதட்டைக் கடித்தாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஷல்வி."

"ம்."

"மூணு வாரமா சர்க்கரையில எறும்பு. இன்னிக்கு டப்பாவச் சுத்தி ஒண்ணுகூட இல்ல."

"எறும்பெல்லாம் ஆக்லாந்து போயிருக்கும்."

"கழுத. முதல் எறும்பப் பாத்த அன்னிக்கே எனக்குத் தெரியும்டி."

"அப்ப ஏன் சும்மா இருந்த?"

அவள் பாட்டிலை மேஜையில் வைத்தாள். "கை சரியாகுதுன்னு சொல்லிக்கிட்டா சுவா போகவேண்டாமே. நீ திறந்து வச்ச வரைக்கும் எனக்குச் சௌகரியம். நீயே பயந்துபோய் இறுக்கிட்ட. இனிமே நான் என்ன சாக்கு சொல்றது?"

அரிசி டின் மேலிருந்த பாரத்தை எடுத்து, நர்ஸ் சீட்டோடு சேர்த்துப் பைக்குள் போட்டாள். மடிக்க விரல் வரவில்லை, அப்படியே திணித்தாள்.

"இன்னிக்கே போனாத்தான் நாளைக்கு டாக்டர் கிடைப்பாரு. சுவா பஸ் எட்டு மணிக்கா? நீயும் வா. அங்க என் பேர எழுதச் சொன்னா நீதான் எழுதணும், பேனா எனக்கு நிக்காது." வாசல் வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். "கண்ணு ஏன் செவந்திருக்கு?"

"வெங்காயம் அரிஞ்சேன்."

"வெங்காயம் தீந்து நாலு நாளாச்சுடி."