சுண்டுவிரல் பதிந்த நட்சத்திரம்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் மரத்துக்கென்று கடையில் எதுவும் வாங்குவதில்லை. களிமண்ணில் நாங்களே செய்து, குயவர் வீட்டுச் சூளையில் கொடுத்துச் சுட்டு வாங்குவோம். மணி, புறா, மீன் என்று மனம்போனபடி என்ன செய்தாலும், ஆளுக்கொரு நட்சத்திரம் மட்டும் கட்டாயம். மண் ஈரமாக இருக்கும்போதே அவரவர் கட்டைவிரலை அதன் நடுவில் அழுத்திவிட வேண்டும். வீட்டுக்காரர், நான், மகன், மருமகள் என நான்கு பேருக்கு நான்கு நட்சத்திரம். போன டிசம்பரில் ஐந்தாவதாக ஒன்று வேண்டும் என்று மருமகள் கேட்டாள். அவளுக்கு அப்போது ஆறாம் மாதம்.

எனக்குப் பகீரென்றது. பிறக்காத பிள்ளைக்கு எதையும் முன்கூட்டிச் செய்யக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்திருக்கிறார்கள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி பேசுகிற பேச்சா இது என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும், அவருக்கென்ன. அதற்கு முந்தின வருடம் அவள் முழுகாமல் இருந்தபோது, நான்காம் மாதத்திலேயே தென்காசி பஜாருக்கு ஓடிப்போய் மஞ்சள் நிறத்தில் இரண்டு குட்டிச் சட்டை வாங்கி வந்தவள் நான். ஐந்தாம் மாதம் தொடங்கி ஒரு வாரத்தில் எல்லாம் போய்விட்டது.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் அந்தச் சட்டைகளை யாருக்கோ தூக்கிக் கொடுத்தேன். வந்த வாரமே அவள் ஒரு உருண்டை மண்ணை எடுத்து வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அதைப் பிடுங்கி வாளியில் போட்டேன். அந்த வருடம் மரமும் வைக்கவில்லை. அந்தப் பிள்ளையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவும் விடவில்லை. பேசினால் அழுவாள், அழுதால் உடம்பு தேறாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

இந்தத் தடவை டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தார். படியேறக் கூடாது, குனியக் கூடாது, வண்டியில் அலையக் கூடாது என்று மூன்று சொன்னார். நான் என் பங்குக்கு முப்பது சேர்த்தேன். மெதுவாகத் தும்மு என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். குளியலறைக் கதவைத் தாழ் போட விடவில்லை. சாப்பிட்ட தட்டை எடுக்கிற சாக்கில் போய் அவள் முகத்தைப் பார்ப்பேன். அது கொஞ்சம் வாடியிருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. மகன் சென்னையில் வேலையில் இருந்தான். அவன் போனில், "நீ அவள பாக்கியா, காவல் காக்கியாம்மா?" என்று கேட்டான். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

ஐந்தாவது நட்சத்திரத்துக்கு நான் இரண்டு நாள் பிடிகொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவள், "உள்ள இருக்கறதும் நம்ம வீட்டு ஆளுதான அத்த" என்றாள். கெஞ்சவில்லை, சும்மா சொன்னாள். அதற்கு மேல் மறுக்க என்னால் முடியவில்லை. கட்டிலில் அவள் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, மடியில் பலகையைப் போட்டுக் கொடுத்தேன். சப்பாத்திக் கட்டையால் மண்ணைப் பரத்தி, கத்தியால் ஐந்து முனையும் வெட்டி, நூல் கோக்க ஈர்க்குச்சியால் துளை போட்டாள். பிள்ளைக்கு அவ்வளவு பெரிய கட்டைவிரல் ஏது என்று சொல்லிவிட்டு, நடுவில் தன் சுண்டுவிரல் நுனியைப் பதித்தாள்.

அன்றிலிருந்து பிடித்தது எனக்குச் சனியன். அவசரமாகக் காய்ந்தால் மண் விரிசல் விடும் என்று எப்போதோ கேட்டது தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. மற்ற நட்சத்திரங்களையும் மணிகளையும் பலகையில் போட்டு ஃபேனுக்கு அடியில் வைத்தேன். பிள்ளையுடையதை மட்டும் ஈரத் துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு மூடினேன். துணி காயக் காய மறுபடி நனைத்து வைத்தேன். வெளியே நசநசவென்று மழை வேறு. ஒருநாள் அதைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றபோது, இது உடைந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு வந்தது. நட்சத்திரத்தை மட்டுமா நினைத்தேன்? டப்பாவைப் பட்டென்று மூடினேன்.

அதனால்தான் அந்த ஏமாற்று வேலையைச் செய்தேன். அடுக்களையில் கதவைச் சாத்திக்கொண்டு, மிச்ச மண்ணில் அதே அளவில் இன்னொரு நட்சத்திரம் வெட்டினேன். என் சுண்டுவிரலைப் பதித்தேன். ஒன்று போனால் ஒன்று இருக்கும், அவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று கணக்கு. அதை அடுப்புக்கு மேலே சாமான் தட்டில் வைத்தவள், அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குயவர் வீடு குற்றாலம் போகிற ரோட்டை ஒட்டி உள்ளே இருக்கிறது. அந்த அண்ணாச்சி தகரக் கொட்டகைக்குள் பொங்கல் பானைகளைச் சூளை வைக்கிற நேரம் பார்த்து எங்கள் சாமான்களையும் இடுக்கில் வைத்துத் தருவார். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் கொடுத்துவிட்டு, மறுநாள் மத்தியானம் வாங்கப் போனேன். அருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். ஐயப்ப சாமிகளின் வேன்கள் திரும்பி வந்து ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஆட்டோவில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தே தீர்த்தேன்.

அண்ணாச்சி எல்லாவற்றையும் முறத்தில் வைத்துக் கொண்டுவந்தார். மணிகள் சரியாக இருந்தன. நான்கு நட்சத்திரமும் சரி. அடுக்களையில் நான் அனாதையாகப் போட்டுவைத்தது நன்றாகச் சிவந்து வந்திருந்தது. மருமகள் செய்தது மட்டும் ஒரு பக்கம் வெடித்து மூன்று துண்டாகக் கிடந்தது. நான் துணி சுற்றி வைத்த கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பொத்திப் பொத்தி வச்சா ஈரம் எங்கன போவும்மா? உள்ளேயே நின்னு வெடிச்சிட்டு."

அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டேன். வீட்டுக்காரர் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. ஆண்டவரே, ஆண்டவரே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை எடுத்து, இரண்டு பேரும் முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறோம், என்ன இப்போது என்று கேட்டார். பாவி மனுஷன்! ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து அழுதேன். உடைந்த துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்து பைக்கு அடியில் வைத்தேன்.

சாயங்காலம் மரத்தைக் கட்டில் பக்கத்திலேயே வைத்தோம். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவள் உட்கார்ந்தபடியே நூல் கோத்தாள். ஐந்தாவது நட்சத்திரத்தை ரொம்ப சாதாரணமாக நீட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் சுண்டுவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்தாள். மண் சுட்டால் சுருங்கும், அவள் பதித்த பள்ளமென்றால் விரலுக்கு இறுக்கமாகியிருக்க வேண்டும். அதில் அவள் விரல் லொடலொடவென்று ஆடியது.

"இது ஒங்க வெரலு. என்னோடத எங்க வச்சிருக்கிய அத்த?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் முடிச்சை அவிழ்த்தாள். அழப்போகிறாள், தையல் பிரிந்துவிடும், இவளுக்கு ஒன்று ஆனால் நான் எந்த மூஞ்சியோடு மகனைப் பார்ப்பேன் என்றெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குள் நினைத்துவிட்டேன்.

அவள் அழவில்லை. துண்டுகளை மடியில் சேர்த்து வைத்துப் பார்த்தாள். விரல் பதிந்த துண்டிலேயே நூல் துளையும் இருந்தது. அதில் நூலைக் கோத்து முடிச்சுப் போட்டாள்.

"போன வருசம் போன பிள்ளைக்கு நீங்க ஒண்ணும் செய்ய விடல. இது அதுக்கு இருக்கட்டும். உள்ள இருக்கறதுக்கு ஒங்க வெரலு இருக்கட்டும்" என்றாள்.

அழுதது நான்தான். ஒரு வருடம் அடக்கி வைத்ததை எல்லாம் சேர்த்து அழுதேன். அந்த மஞ்சள் சட்டைகளைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு அது தெரியவே தெரியாதாம். எந்த மஞ்சள், கை வைத்ததா வைக்காததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் சொல்லச் சொல்லத்தான் அவளும் அழுதாள். அழாதே என்று நான் சொல்லவில்லை. ஒன்றும் ஆகவில்லை.

பேத்தி மார்ச் கடைசியில் பிறந்தாள். இந்த வருடம் அவள் விரலைப் பிடித்து நாங்களே அழுத்தினோம். கையை உதறி ஒரு முனையை நசுக்கிவிட்டாள், மிச்ச மண்ணை வாயில் வைக்கப் பார்த்தாள். அந்த நட்சத்திரம் இப்போது ஜன்னலோரம் பலகையில் காய்கிறது. நான் அதை மூடவில்லை. மணிக்கு நான்கு தடவை எழுந்து போய்ப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.